கோணல் வரைபடங்கள் மேல் இவ்வளவு மயக்கம் ஏன்?

ஒரு வாசகரின் கேள்வி
ஜனவரி 4, 2023

செயற்கைக்கோள் படம் எல்லார் கையிலும் இருக்கிறது. எந்தத் தெருவையும் விரலால் பெரிதாக்கிப் பார்க்கலாம். அப்படியிருக்க இலை வடிவ உலகம், சிங்க வடிவ நாடு, தலைகீழ் கண்டம் என்று பழைய படங்களைப் பார்த்து ஏன் உருகுகிறீர்கள்? வரைபடம் என்றால் வழி காட்ட வேண்டும். தப்பான படம் அழகாக இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

ஜனவரி 4, இரவு

ஹைன்ரிஷ் பியூன்டிங் என்ற ஜெர்மன் மதபோதகர் 1581இல் வெளியிட்ட உலகப் படத்தை ஐந்து நிமிடம் உற்றுப் பாருங்கள். நடுவில் ஒரு வட்டம், அது ஜெருசலேம். அதிலிருந்து மூன்று இலைகள் விரிகின்றன: ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா. ஆசியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இடையில் செங்கடல். மேலே இங்கிலாந்தும் ஸ்காண்டிநேவியாவும் இலையோடு ஒட்டாமல் தனியாக மிதக்கின்றன. இடது கீழ் மூலையில் அமெரிக்கா, கதவிடுக்கில் எட்டிப் பார்ப்பதுபோல ஒரு ஓரம் மட்டும்.

நான் இதை முதலில் பார்த்தது ஒரு பழைய காலண்டரில். அந்த மாதம் முடிந்த பிறகும் தாளைத் திருப்ப மனம் வரவில்லை. என் பதில் இதுதான்: தப்பாக இருப்பதால்தான் அது அழகு. சரியான படத்தில் பூமி தெரிகிறது. தப்பான படத்தில் வரைந்தவர் தெரிகிறார்.

ஜனவரி 5

நேற்று எழுதியதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். தூங்கி எழுந்ததும் உறைத்தது. பியூன்டிங்கின் அதே புத்தகத்தில் சாதாரண உலகப் படம் ஒன்றும் இருக்கிறது. கண்டங்கள் அன்றைக்குத் தெரிந்த அளவில், அதனதன் வடிவில் இருக்கின்றன. அப்படியானால் அவருக்கு உலகம் இலை வடிவம் இல்லை என்று நன்றாகவே தெரியும். மூன்றிலை அவருடைய ஊரான ஹனோவரின் சின்னத்தில் இருப்பது. தன் ஊர்ச் சின்னத்தை எடுத்து உலகத்துக்கு மாட்டிவிட்டிருக்கிறார். அதே புத்தகத்தில் ஐரோப்பாவை ஒரு ராணியாகவும் ஆசியாவை இறக்கை முளைத்த குதிரையாகவும் வரைந்தவர் அவர்.

ஆகவே "தப்பு" என்பது சரியான சொல் இல்லை. தெரிந்தே வளைத்தது. தெரியாமல் வளைந்தது வேறு. இரண்டையும் ஒரே கூடையில் போட்டது என் பிழை.

தெரிந்தே வளைத்ததற்கு இன்னொரு உதாரணம் இன்றைக்கும் தினம் பயன்படுகிறது. 1931இல் ஹாரி பெக் என்ற வரைவாளர் லண்டன் சுரங்க ரயில் பாதைகளை மின்சுற்றுப் படம்போல வரைந்தார். கோடுகள் எல்லாம் நேராக, படுக்கையாக அல்லது 45 டிகிரி சாய்வாக. நிலையங்களுக்கு இடையே ஏறக்குறைய ஒரே இடைவெளி. மேலே இருக்கும் நகரத்தில் தேம்ஸ் ஆற்றைத் தவிர மற்றதெல்லாம் காணோம். முதலில் மறுத்தார்கள், 1933இல் அச்சிட்டார்கள். அதற்குப் பிறகு உலகத்தில் எத்தனையோ நகரங்களின் ரயில் படங்கள் அந்த வழிக்கு வந்துவிட்டன.

பூமிக்கு அடியில் போகிறவனுக்கு மேலே தெரு எப்படி வளைகிறது என்று எதற்கு? எங்கே ஏறுவது, எங்கே மாறுவது, எத்தனையாவது நிலையத்தில் இறங்குவது, இவ்வளவுதானே. கேள்வி கேட்டவர் "வழி காட்ட வேண்டும்" என்றார். இந்தப் படம் தூரத்தில் பொய் சொல்லித்தான் வழி காட்டுகிறது.

ஜனவரி 9

"தெரியாமல் வளைந்தது" பற்றி எழுதச் சொல்லி இரண்டு பேர் கேட்டார்கள். சரி, கோங் மலைகள்.

1798இல் ஜேம்ஸ் ரென்னல் என்ற பெரிய புவியியல் அறிஞர், மேற்கு ஆப்பிரிக்காவின் குறுக்கே ஒரு மலைத்தொடரை வரைந்தார். நைஜர் ஆறு தெற்கே கடலுக்குத் திரும்பாமல் கிழக்கேயே போகிறது என்று அவர் நம்பினார், அதற்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. மலை இருந்தால் ஆறு தெற்கே இறங்க முடியாது. ஆகவே மலை வந்தது. அதன் பிறகு ஒருவரைப் பார்த்து ஒருவர் வரைந்து, தொண்ணூறு ஆண்டுக் காலம் அந்த மலைகள் அட்லஸ்களில் வளர்ந்துகொண்டே போயின. கடைசியில் லூயி-குஸ்தாவ் பெஞ்சே என்ற பிரெஞ்சு அதிகாரி 1887க்கும் 1889க்கும் இடையில் அந்த வழியாகவே நடந்து போனார். மலைத்தொடர் இல்லை.

கலிபோர்னியா இன்னும் வேடிக்கை. அது நிலத்தோடு ஒட்டிய பகுதி என்று பதினாறாம் நூற்றாண்டுப் படங்களில் சரியாகவே இருந்தது. பதினேழாம் நூற்றாண்டில் அதை வெட்டித் தீவாக்கினார்கள். எவ்செபியோ கீனோ என்ற பாதிரியார் நிலவழியாகவே நடந்து பார்த்து, தீவு இல்லை என்று வரைந்த படம் 1705இல் அச்சானது. அப்புறமும் கேட்கவில்லை. 1747இல் ஸ்பெயின் அரசர் ஆறாம் ஃபெர்டினாண்டு "கலிபோர்னியா தீவு அல்ல" என்று ஆணை போட வேண்டிவந்தது. ஒரு நிலத்தைக் கரையோடு சேர்க்க அரசாணை!

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவுக்கும் நியூ கலிடோனியாவுக்கும் நடுவில் சாண்டி தீவு என்று ஒன்று நம் காலத்து இணைய வரைபடங்களிலும் இருந்தது. 1876இல் ஒரு திமிங்கில வேட்டைக் கப்பல் பார்த்ததாகச் சொன்னது. 2012இல் ஓர் ஆஸ்திரேலிய ஆய்வுக் கப்பல் அந்த இடத்துக்கே போனது. தீவு இருக்க வேண்டிய இடத்தில் 1,300 மீட்டருக்கும் மேல் ஆழமான தண்ணீர்.

வெற்றிடத்தைப் பார்த்தால் வரைபவருக்குக் கை அரிக்கிறது. எனக்கும் உண்டு அது. பள்ளியில் ஆறுகளை வரைந்து பெயர் எழுதும் தேர்வில், ஒரு மூலை காலியாகத் தெரிந்ததே என்று நானாக ஒரு கிளையாறு போட்டேன். மதிப்பெண் போனது. ஆனால் அந்த ஆறு அந்த இடத்தில் எவ்வளவு பொருத்தமாக இருந்தது என்று இன்னும் நினைவிருக்கிறது.

ஜனவரி 10

ஒன்று விட்டுப்போனது. வேண்டுமென்றே போட்ட இல்லாத ஊர். 1930களில் ஓட்டோ லிண்ட்பெர்க், எர்னஸ்ட் ஆல்பர்ஸ் இருவரும் நியூயார்க் மாநிலச் சாலைப் படத்தில் தங்கள் பெயரெழுத்துகளைக் கலைத்துப் போட்டு "ஆக்லோ" என்று ஓர் ஊரை நுழைத்தார்கள். யாராவது படத்தைத் திருடினால் அகப்பட்டுக்கொள்வார்கள் என்பதற்காக. சில ஆண்டுகள் கழித்து வேறொரு நிறுவனத்தின் படத்திலும் ஆக்லோ வந்தது. பிடித்துவிட்டோம் என்று நினைத்தார்கள். ஆனால் அந்த இடத்தில் இதற்குள் யாரோ ஒரு கடை கட்டியிருந்தார்கள். படத்தில் இருந்த பெயரைப் பார்த்து, கடைக்கும் ஆக்லோ என்றே பெயர்.

ஜனவரி 15

தலைகீழ் படம் பற்றி. ஸ்டூவர்ட் மக்ஆர்தர் என்ற ஆஸ்திரேலியர் 1979இல் தெற்கை மேலே வைத்து ஓர் உலகப் படம் வெளியிட்டார். ஆஸ்திரேலியா மேலே, நடுநாயகமாக. சிறுவயதில் இப்படி வரைந்தபோது ஆசிரியர் "சரியான பக்கம் மேலே வைத்து வரை" என்றாராம்.

அந்த மாதிரிப் படம் ஒன்றை என் வீட்டுச் சுவரில் ஆறு ஆண்டுகளாக மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் எல்லோரும் செய்வது ஒன்றே: முதலில் தலையைச் சாய்ப்பார்கள், பிறகு தங்கள் நாட்டைத் தேடுவார்கள். தேடும்போது விரல் தவறான இடத்துக்குப் போகும். அதுவரை தாங்கள் நாட்டை வடிவத்தால் அடையாளம் காணவில்லை, படத்தில் அது இருக்கும் மூலையால்தான் காண்கிறோம் என்று அப்போது தெரிந்துகொள்வார்கள். குழந்தைகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை, நேராகப் போய்த் தொட்டுவிடுகிறார்கள்.

வடக்கு மேலே இருக்க வேண்டும் என்று பூமியில் எங்கும் எழுதியில்லை. சிசிலி அரசர் இரண்டாம் ரோஜருக்காக அல்-இத்ரீசி 1154இல் முடித்த படத்தில் தெற்குதான் மேலே. 1300 வாக்கில் ஒரே கன்றுத்தோலில் வரைந்த ஹெர்ஃபோர்டு உலகப் படத்தில் கிழக்கு மேலே.

நம் மொழியையே எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்கு என்பதில் "கீழ்" இருக்கிறது, மேற்கு என்பதில் "மேல்" இருக்கிறது. தினம் பத்துத் தடவை சொல்கிறோம், காதில் விழுவதில்லை. தமிழ்ச் சொற்களை அப்படியே படமாக்கினால் மேற்குதான் உச்சியில் வரும். போன வாரம் ஒரு தாளில் அப்படி வரைந்து பார்த்தேன். வடக்கு வலது கைப் பக்கம் போகிறது. விசித்திரம் எதுவும் தோன்றவில்லை. ஏதோ ஒரு மேட்டில் நின்று கடலைப் பார்த்துச் சரிவில் இறங்குவதுபோல இருந்தது.

ஜனவரி 16

"அப்படியானால் மெர்கேட்டர் படம் பொய்தானே, கிரீன்லாந்தை ஆப்பிரிக்கா அளவுக்குக் காட்டுகிறதே" என்று ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார்.

அளவுகள் உண்மை. ஆப்பிரிக்கா ஏறத்தாழ 3 கோடி சதுர கிலோமீட்டர், கிரீன்லாந்து 22 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. பதினான்கு கிரீன்லாந்து ஒரு ஆப்பிரிக்காவுக்குள் அடங்கும். மெர்கேட்டர் படத்தில் இரண்டும் கிட்டத்தட்டச் சமமாகத் தெரியும். ஆனால் அவர் மேல் பழி போடாதீர்கள். 1569இல் அவர் அதை வரைந்தது மாலுமிகளுக்கு. திசைகாட்டியில் ஒரே கோணத்தைப் பிடித்துக்கொண்டு போகும் கப்பலின் பாதை அந்தப் படத்தில் நேர்கோடாக விழும். அளவுகோலை வைத்துக் கோடு போடலாம், கோணத்தை அளக்கலாம், சுக்கானைப் பிடிக்கலாம். அதற்கு விலையாகத் துருவப் பக்கம் நிலம் ஊதிப்போகிறது. மாலுமிக்குப் படம் வரைந்தவரின் தாளை வகுப்பறைச் சுவரில் மாட்டியது பின்னால் வந்தவர்கள்.

ஆரஞ்சுத் தோலைக் கிழியாமல் மேசையில் தட்டையாக விரித்துப் பாருங்கள். முடியாது. எங்காவது கிழிக்க வேண்டும், அல்லது இழுக்க வேண்டும். எங்கே கிழிப்பது என்பதில்தான் எல்லாப் புரொஜெக்ஷனும், அதாவது உருண்டையைத் தட்டையாக்கும் முறையும், வேறுபடுகிறது. அதெல்ஸ்டன் ஸ்பில்ஹவுஸ் என்பவர் நிலத்தைக் கிழித்துக் கடலைக் காப்பாற்றினார். அவருடைய படத்தில் கண்டங்கள் ஓரத்துக்குப் போய்விடுகின்றன, உலகக் கடல்கள் எல்லாம் நடுவில் ஒரே தண்ணீராக நிற்கின்றன. அதைப் பார்த்த பிறகுதான் "பெருங்கடல்கள்" என்று பன்மையில் சொல்வது ஒரு பழக்கம் மட்டுமே என்று எனக்குப் பட்டது.

ஜனவரி 18

பெருங்கடல்கள் என்றதும் ஏழு கடல் நினைவு வந்தது. "ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி" என்று கதையில் கேட்டிருக்கிறோமே, அந்த ஏழு கடலுக்கும் புராணத்தில் கணக்குச் சுத்தமாக இருக்கிறது. நடுவில் நாவலந்தீவு. சுற்றி உப்புக் கடல். அதைச் சுற்றி ஒரு தீவு, பிறகு கருப்பஞ்சாற்றுக் கடல். இப்படியே கள், நெய், தயிர், பால், கடைசியில் நன்னீர். விஷ்ணு புராணக் கணக்குப்படி ஒவ்வொரு தீவும் முந்தியதைப்போல் இரண்டு மடங்கு அகலம், அதைச் சூழும் கடலும் அதே அகலம்.

காம்பஸை எடுத்து வரைந்து பார்த்தேன். நாவலந்தீவுக்கு ஒரு சென்டிமீட்டர் குறுக்களவு. உப்புக் கடல் ஒரு சென்டிமீட்டர். அடுத்த தீவு இரண்டு, கருப்பஞ்சாறு இரண்டு. அடுத்த தீவு நான்கு, அத்தோடு ஏ4 தாளின் ஓரம் நெருங்கிவிட்டது. கள்ளுக் கடலில் ஒரு சென்டிமீட்டர் போனதும் தாள் தீர்ந்தது. முழுவதும் வரைய வேண்டுமானால் ஐந்து மீட்டருக்கும் மேல் அகலமான தாள் வேண்டும்.

சமண ஓவியர்களின் உலகப் படங்களில் இரண்டரைத் தீவு மட்டும் வரைந்திருப்பார்கள். மனிதர் வாழ்வது அவ்வளவில்தான் என்பது அவர்கள் கொள்கை. வளையங்களுக்குள் மீன், நீந்தும் மனிதர், நடுவில் மேரு. வண்ணமும் வடிவமும் பார்த்தால் கண் எடுக்க முடியாது. கையால் ஒரு முறை வரைந்த பிறகு எனக்கு அந்த இரண்டரையில் நிறுத்திய முடிவு மேல் தனி மரியாதை வந்துவிட்டது.

ஜனவரி 22

நான் இதுவரை "பாருங்கள், பாருங்கள்" என்றே எழுதிவருகிறேன். வரைபடம் கண்ணுக்கு மட்டும் என்று யார் சொன்னது?

கிழக்கு கிரீன்லாந்தில் அம்மாசாலிக் பகுதியில் குனிட் என்ற இனுயிட் மனிதர் கடற்கரையை மரத்தில் செதுக்கினார். 1880களில் அங்கே போன டேனிஷ் பயணி குஸ்தாவ் ஹோல்ம் மூலம் அது வெளியுலகத்துக்குத் தெரிந்தது. ஒரு கட்டையின் விளிம்பு முழுக்கப் பல்பல்லாக வெட்டுகள். ஒவ்வொரு பள்ளமும் ஒரு கடற்கழி, ஒவ்வொரு மேடும் ஒரு முனை. கரை கட்டையின் ஒரு பக்கம் மேலே ஏறி, உச்சியில் திரும்பி, மறுபக்கம் கீழே இறங்குகிறது. இன்னொரு மெல்லிய கட்டையில் கரைக்கு எதிரே இருக்கும் தீவுகள்.

மரவேலை தெரிந்த நண்பர் ஒருவர் புகைப்படத்தைப் பார்த்து எனக்கு அதுபோல ஒன்று செதுக்கித் தந்தார். அளவு துல்லியம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை அந்த விளிம்பில் ஓட்டினால், மூன்றாவது பள்ளம் ஆழம், நான்காவது சின்னது, அதன் பிறகு ஒரு நீண்ட மூக்கு என்று சில நாளிலேயே விரலுக்குப் பாடமாகிவிட்டது. நான் போகாத கரை. போகப்போவதும் இல்லை. விரலுக்குத் தெரியும்.

மார்ஷல் தீவுகளின் குச்சிப் படங்களும் அந்த இனம். தென்னை ஓலை நரம்புகளைக் கட்டிச் செய்தவை. சிப்பிகள் தீவுகள். வளைந்த குச்சிகள் அலைகள், தீவில் மோதி அலை எப்படி வளைந்து திரும்புகிறது என்பதைக் காட்டும். இவற்றைப் படகில் கொண்டுபோக மாட்டார்கள். கரையிலேயே படித்து மனத்தில் ஏற்றிக்கொண்டு, கடலில் அலையைப் படகின் அசைவில் உணர்ந்து போவார்கள். சில படங்களைச் செய்தவரைத் தவிர மற்றவரால் முழுதாகப் படிக்கவும் முடியாது.

4ஆம் தேதி எழுதிய "வரைந்தவர் தெரிகிறார்" என்பதை இங்கே திருத்துகிறேன். வரைந்தவர் மட்டும் இல்லை, யாருக்காக வரைந்தார் என்பதும் சேர்ந்தே தெரிகிறது. மாலுமிக்கு, ரயில் பயணிக்கு, கற்றுக்கொள்ளும் சிறுவனுக்கு. செயற்கைக்கோள் படம் குறிப்பாக யாருக்கும் எடுத்தது இல்லை. எனக்கு அதன் மேல் பகை இல்லை, தினம் பயன்படுத்துகிறேன். ஆனால் அதில் ஒருவர் இன்னொருவரிடம் பேசும் குரல் இல்லை.

ஜனவரி 29

அழகு பற்றி ஒரு தயக்கம்.

சார்ல் ஜோசஃப் மினார் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1869இல், தம் 88ஆவது வயதில், நெப்போலியன் 1812இல் ரஷ்யாவுக்குப் படை நடத்தியதை வரைந்தார். போகும் படை வெளிர் நிறப் பட்டை, திரும்பும் படை கருப்புப் பட்டை. பட்டையின் தடிமன்தான் ஆட்களின் எண்ணிக்கை: ஒரு மில்லிமீட்டருக்குப் பத்தாயிரம் பேர். கீழே திரும்பும் வழியின் குளிர், ரெயோமூர் என்ற பழைய வெப்ப அளவில், −30 வரை.

அச்செடுத்து ஸ்கேலை வைத்து அளந்தேன். என் தாளில் அளவு சுருங்கிவிட்டது. நேமன் ஆற்றங்கரையில் 4,22,000 பேர், பட்டை 30 மில்லிமீட்டர். மாஸ்கோவில் 1,00,000 பேர், ஏழு மில்லிமீட்டர். திரும்பும்போது பெரெசினா ஆற்றுக்கு முன் 50,000, ஆற்றைக் கடந்ததும் 28,000. அந்த இடத்தில் கருப்புப் பட்டை ஒரு கோட்டைத் தாண்டியதும் பாதியாகிறது. முடிவில் 10,000 பேர். முக்கால் மில்லிமீட்டர்கூட இல்லை.

இதை "அழகான வரைபடம்" என்று பல இடங்களில் பாராட்டுகிறார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். ஸ்கேலை வைத்த பிறகு அந்தச் சொல் தொண்டையில் நிற்கிறது. பெரெசினாவில் என் ஸ்கேலில் ஒன்றரை மில்லிமீட்டர் குறைந்தது. அது இருபத்திரண்டாயிரம் மனிதர்கள்.

ஜனவரி 30

மேலே ஒரு திருத்தம். பூதக்கண்ணாடியோடு மறுபடி பார்த்தேன். முடிவில் இருக்கும் 10,000இல் 6,000 பேர் வடக்கே தனியாகப் போய் வந்த பிரிவு. மாஸ்கோ வழியாகத் திரும்பிய பட்டையில் அந்த இடத்தில் எழுதியிருப்பது 4,000. அதிலும் நடுவழியில் வந்து சேர்ந்த படைகள் கலந்திருக்கின்றன. என் தாளில் அது ஒரு முடி அளவு.

பிப்ரவரி 3

கொஞ்சம் லேசான விஷயத்துக்குப் போவோம். எல்லைகள்.

பெல்ஜியம், நெதர்லாந்து எல்லையில் பார்லே என்ற ஊர். நெதர்லாந்துக்குள் 22 பெல்ஜியத் துண்டுகள், அவற்றில் சிலவற்றுக்குள் மறுபடியும் நெதர்லாந்துத் துண்டுகள். எல்லைக்கோடு வீடுகளுக்குள்ளேயே ஓடும். வாசல் கதவு எந்தப் பக்கமோ அந்த நாடு. நடைபாதையில் வெள்ளைச் சிலுவைக் குறிகளால் கோடு போட்டிருக்கிறார்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் கூச் பிகார் பக்கம் இந்தியாவுக்கும் வங்கதேசத்துக்கும் இடையில் இருந்தது. மொத்தம் 162 துண்டுகள். அதில் தஹாலா காக்ராபாரி என்று ஒரு வயல், சுமார் 7,000 சதுர மீட்டர். அது இந்திய நிலம். அதைச் சுற்றி வங்கதேச நிலம். அதைச் சுற்றி இந்திய நிலம். அதைச் சுற்றி வங்கதேசம். உலகத்தில் அப்படி வேறு ஒன்று இல்லை. 2015 ஆகஸ்ட்டில் இரு நாடுகளும் துண்டுகளை மாற்றிக்கொண்டதோடு அதுவும் முடிந்தது.

இதன் பழைய படத்தை வண்ணப் பென்சிலால் நிரப்பினேன். மூன்று மாலை ஆனது. பார்க்க வெற்றிலையில் சுண்ணாம்பு தெறித்ததுபோல அவ்வளவு அழகு. ஆனால் அந்தப் புள்ளிகளுக்குள் இருந்தவர்கள் பள்ளிக்கோ மருத்துவமனைக்கோ போக வேறு நாட்டைத் தாண்ட வேண்டியிருந்தது. படத்தில் ரசிக்கும் எனக்கும் அங்கே இருந்தவருக்கும் நடுவில் உள்ள தூரத்தை மறக்கக் கூடாது. துண்டுகள் ஒழிந்தது நல்லதுதான். படம் இருக்கட்டும்.

போகிற போக்கில்: வண்ணம் தீட்டும்போது அடுத்தடுத்த பகுதிகளுக்கு ஒரே வண்ணம் வராமல் எந்தப் படத்துக்கும் நான்கு வண்ணம் போதும். 1852இல் இங்கிலாந்து மாவட்டப் படத்துக்கு வண்ணம் தீட்டும்போது ஃபிரான்சிஸ் கத்ரீ என்பவருக்கு இது தோன்றியது. அதை நிரூபிக்க 1976 வரை ஆனது, கணினியின் துணையோடு.

பிப்ரவரி 4

கணக்கு ஆசிரியர் ஒருவர் தட்டிக் கேட்டிருக்கிறார், அவர் சொல்வது சரி. ஒவ்வொரு நாடும் ஒரே துண்டாக இருந்தால்தான் நான்கு போதும். அலாஸ்காபோலத் தனியே கிடக்கும் துண்டுக்கும் தாய்நாட்டின் வண்ணமே வேண்டும் என்றால் அந்த விதி உதவாது. துண்டு நிலம் பற்றி எழுதிவிட்டு, அடுத்த பத்தியிலேயே இதை மறந்தேன்.

பிப்ரவரி 11

எனக்கு மிகவும் பிடித்த வரைபடம் எது என்று கேட்டிருந்தார்கள். தயங்காமல் சொல்வேன், மேரி தார்ப் வரைந்த கடலடிப் படம்.

1950களின் தொடக்கம். அவர் காலத்தில் பெண்களை ஆய்வுக் கப்பலில் ஏற்றுவதில்லை. கூட வேலை செய்த புரூஸ் ஹீசன் கடலுக்குப் போய் ஆழ அளவுகளைக் கொண்டுவருவார். தார்ப் மேசையில் உட்கார்ந்து அந்த எண்களை ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்து, குறுக்குவெட்டுகளாக வரைவார். அட்லாண்டிக்கின் நடுவே ஓடும் மலைமுகட்டில், வெட்டுக்கு வெட்டு ஒரே இடத்தில் ஆங்கில வி எழுத்துபோல ஒரு பள்ளம் வந்துகொண்டே இருந்தது. கடலடி பிளந்து விலகுகிறது என்றால்தான் அதற்குப் பொருள். ஹீசன் அதைப் "பெண்பிள்ளைப் பேச்சு" என்று தள்ளினார். பிறகு அதே அளவையில் இன்னொருவர் நிலநடுக்கம் நடந்த இடங்களைக் குறித்துக்கொண்டிருந்தார். இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தபோது, நிலநடுக்கப் புள்ளிகள் அந்தப் பள்ளத்துக்குள்ளேயே வரிசையாக விழுந்தன.

இந்த இழைக்குப் பொருத்தமான சேதி இனிமேல்தான். பனிப்போர்க் காலம். ஆழத்தைக் காட்டும் சமஆழக் கோட்டுப் படங்களை அமெரிக்கக் கடற்படை ரகசியமாக வைத்திருந்தது. ஆகவே கோடும் எண்ணும் போட்டு வெளியிட முடியாது. அதனால் தார்ப், தண்ணீரை வடித்துவிட்டு மேலிருந்து சாய்வாகப் பார்ப்பதுபோல, மலையை மலையாக, சரிவைச் சரிவாகக் கையால் வரைந்தார். தடை இல்லாமல் இருந்திருந்தால் நமக்கு எண்கள் கிடைத்திருக்கும். தடையால் ஒரு நிலக்காட்சி கிடைத்தது. 1977இல் வந்த உலகக் கடலடிப் படத்துக்கு, ஆல்ப்ஸ் மலைகளை வரைந்து பழகிய ஆஸ்திரிய ஓவியர் ஹைன்ரிஷ் பெரான் வண்ணம் தீட்டினார். நீலத்துக்குள் அந்தத் தழும்பு பூமியைச் சுற்றி ஓடுவதைத் தொட்டுப் பார்க்கலாம்போல இருக்கும்.

அளவு கிடைக்காத இடங்களில் என்ன செய்தார் தெரியுமா? ஒரு பெரிய விளக்கக் கட்டத்தை வெற்றிடத்தின் மேல் வைத்தார். கடற்கன்னிகளையும் மூழ்கிய கப்பல்களையும் வரைய ஆசைப்பட்டதாகவும் ஹீசன் சம்மதிக்கவில்லை என்றும் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். ரென்னலைப் போலவே அவருக்கும் கை அரித்திருக்கிறது. ஆனால் மலையை இட்டு நிரப்பவில்லை.

பிப்ரவரி 12

ஹீசன் மறுத்ததைச் சுவிட்சர்லாந்து அரசு வரைபடக்காரர்கள் சத்தமில்லாமல் செய்துவிட்டார்கள். ஐகர் மலையின் வடமுகத்தில் "வெள்ளைச் சிலந்தி" என்று ஒரு பனித்திட்டு உண்டு. 1980களில் ஒருவர் அந்த இடத்தில் பாறைக் கோடுகளுக்கு நடுவே நிஜமாகவே ஒரு சிலந்தியை வரைந்துவிட்டார். அலெட்ஷ் பனியாற்றின் அருகே ஒரு மலை அணில் பாறை நிழலுக்குள் சில ஆண்டுகள் ஒளிந்திருந்தது. இரண்டையும் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாலை போனது. சிலந்தியைப் பார்த்ததும் சத்தமாகச் சிரித்தேன்.

பிப்ரவரி 20

முதலில் கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். "ஒப்புக்கொள்கிறேன், ஆனால் இதெல்லாம் பெரியவர்கள் வரைந்தது. உங்களிடம் நீங்களே வைத்திருக்கும் படம் எது?" என்கிறார்.

ஒரு உறையின் பின்பக்கம். நான் முதல் முறையாகத் தனியாக ஓர் உறவினர் வீட்டுக்குப் போக அப்பா நீலப் பேனாவில் வரைந்து கொடுத்தது. இந்த இழைக்காகத் தேடி எடுத்து இப்போது மேசையில் வைத்திருக்கிறேன். பேருந்தில் ஒன்றரை மணி நேரம் போக வேண்டிய சாலை ஒரு விரற்கடை நீளம்தான். நடுவில் இரண்டு சாய்கோடு போட்டு வெட்டியிருக்கிறார். இறங்கிய பிறகு நடக்க வேண்டிய ஐந்து நிமிடம் உறையில் முக்கால் பங்கு. நான் குழம்புவேன் என்று அவர் நினைத்த முச்சந்தி என் உள்ளங்கை அகலம். பெக் செய்த அதே வேலை, பேர் தெரியாமலே.

வடக்கு எங்கே என்று குறிக்கவில்லை. அளவை இல்லை. ஓரிடத்தில் ஒரு மரம், அதற்கு இலைகூட வரைந்திருக்கிறார். பக்கத்தில் அவருடைய சாய்ந்த கையெழுத்தில்: "இதைப் பார்த்துவிட்டால் தாண்டி வந்துவிட்டாய். திரும்பு."

நேற்று அந்த முச்சந்தியைச் செயற்கைக்கோள் படத்தில் தேடினேன். சாலையை அகலப்படுத்தியிருக்கிறார்கள். மரம் இருந்த பக்கம் சாம்பல் நிறக் கூரை ஒன்று.